காப்பிக்கொட்டை நிறக் கண்ணி

ஒரு பறவை எத்தனை கிராம் இருந்தால் அதற்காக ஒரு ஆளைப் பிடித்து உள்ளே வைக்கலாம், சொல்லுங்கள் பார்ப்போம்?

ஃபோனை எடுத்துத் தேட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். அறுபது கிராம். என் அப்பா சரிகை நிறுக்கும் குட்டித் தராசை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய், பறவையைத் துணியில் சுற்றி, நானே எடை போட்டது. பறவையின் பெயர் பொரி உள்ளான். முதுகு முழுக்கப் பொரியை இறைத்துவிட்ட மாதிரி வெள்ளைப் புள்ளிகள், கண்ணுக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு, உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளத்தில் மஞ்சள் கால்கள். நிற்கும்போது பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே நிற்கும். பார்த்தால் சிரிப்பு வரும். எனக்கு இப்போது வருவதில்லை.

இதைக் காஞ்சிபுரம் கோர்ட் வராண்டாவில் உட்கார்ந்து ஃபோனில் அடித்துக்கொண்டிருக்கிறேன். எதிர் பெஞ்சில் என்னோடு காலேஜில் படித்தவள் இருக்கிறாள். பக்கத்தில் அவள் அப்பா. கேஸ் அவர் மேல்தான், உள்ளான் பிடித்ததாக. நான் அரசுத் தரப்பு சாட்சி. அதாவது அவருக்கு எதிராகப் பேச வந்திருப்பவள். மூன்று பேரும் காலை பத்து மணியிலிருந்து இப்படியே உட்கார்ந்திருக்கிறோம். அவர் மட்டும் ஒருமுறை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் ஆட்டவில்லை.

அவளும் நானும் விலங்கியல் படித்தோம். அவள் வீடு தென்னேரியில், ஏரிக்கரையிலிருந்து கல்லெறியும் தூரத்தில். அவள் அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை, காண்டிராக்ட். காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். என் வீடு பிள்ளையார்பாளையத்தில். முன்பாதி தறி, பின்பாதி நாங்கள். கடைசி வருஷம் ப்ராஜெக்ட் வந்தபோது வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பாட்டிலில் கொசுப்புழு வளர்க்கப் போனார்கள். எங்களுக்கு அதில் இஷ்டமில்லை. அவள் வீட்டு வாசலிலேயே ஏரி இருக்கிறது, எங்கிருந்தோ பறவை வருகிறது, எண்ணி எழுதினால் முடிந்தது என்று நான்தான் முடிவு பண்ணினேன். பெரும்பாலான முடிவுகளை நான்தான் பண்ணுவேன். அதுதான் என் பிரச்சினை என்று இப்போது தெரிகிறது.

ஆனால் எண்ண ஆரம்பித்த பிறகு எனக்கு நிஜமாகவே பைத்தியம் பிடித்துவிட்டது. இந்த உள்ளான் முட்டையிடுவது உலகத்தின் மண்டைப் பக்கம், பனி உருகும் சதுப்புக் காட்டில். அங்கே கோடை முடிவதற்கு முன்பே கிளம்பி ஆவணியில் நம் ஊருக்கு வந்துவிடுகிறது. கடலோரமெல்லாம் இதற்கு வேண்டாம். நல்ல தண்ணீர், கணுக்கால் ஆழம், காலடியில் சேறு, அவ்வளவுதான் கேட்கும். ஏரி நிரம்பினால் ஊரே கொண்டாடும், உள்ளானுக்கோ நிற்க இடமிருக்காது. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் கரையைத் தொட்டதும் அத்தனையும் நாற்று நட்ட வயலுக்குப் போய்விடும். தை பிறந்து தண்ணீர் வற்ற வற்ற, கரையோரம் சேறு வெளியே தெரியும். அப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். பங்குனிக் கடைசியில் ஒருநாள் போய்ப் பார்த்தால் சேறு காலியாக இருக்கும். சித்திரையிலும் ஒன்றிரண்டு நின்றால் அது போகத் தெம்பில்லாதது, இல்லையென்றால் முந்தின வருஷக் குஞ்சு. இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் தென்னேரியில் எந்த வாரம் எங்கே நிற்கிறது என்று எங்கள் நோட்டில்தான் இருந்தது.

அவள் அப்பாவுக்கு எங்களைப் பார்த்தால் வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் கரைக்கு வந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"இன்னாம்மா, வாரா வாரம் எண்ணிக்கினு இருக்கீங்க. ஒண்ணு கொறைஞ்சா என் மேலதான் சந்தேகப்படுவீங்களா?"

"நீங்க எத்தினி துன்னீங்கன்னு சொல்லுங்க அங்கிள், அதையும் நோட்டுல சேர்த்துடறோம்."

"அது கல்யாணத்துக்கு முன்னாடிம்மா. இப்ப பிராய்லர் கோழி துன்னு துன்னு நாக்கு செத்துப்போச்சு."

"பொய் சொல்றாருடி," என்பாள் அவள். "போன பொங்கலுக்குக்கூட ரெண்டு புடிச்சாரு."

ரகசியமெல்லாம் இல்லை. எப்போதாவது ஒன்றிரண்டு, குழம்புக்கு. அந்தப் பக்கம் பல வீடுகளில் அப்படித்தான்.

மாசியில் வகுப்பில் செமினார் வைத்தார்கள். நாங்கள் எண்ணிக்கையைச் சொல்லி முடித்ததும் கொசுப்புழு கோஷ்டியில் ஒருத்தன் எழுந்து, "எண்றதெல்லாம் ஒரு ப்ராஜெக்டா? நான்கூடத்தான் எங்க வூட்டுக் கோழிங்கள டெய்லி எண்றேன்," என்றான். மொத்த வகுப்பும் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன்: பிடிக்கிறோம், அலகை அளக்கிறோம், எடை போடுகிறோம், விட்டுவிடுகிறோம். அனுமதி என்று ஒன்று வாங்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

அவள் அப்பா பரண்மேலிருந்து பழைய கண்ணியை எடுத்துக் காட்டினார். ஒரு நீளக் கயிறு, அதில் வரிசையாகச் சுருக்கு, சேற்றில் குச்சி அடித்துக் கட்டுவது. சுருக்கெல்லாம் தங்கூசி, மீன் பிடிக்கிற நைலான் நரம்பு.

"இது வெயில்ல மின்னும்மா. ஏமாந்த சோணகிரிதான் மாட்டும். மாட்டுச்சுன்னா காலை அறுத்துரும். நீங்க உசுரோட வுடணும்னு சொல்றீங்களே, இது ஆவாது."

"பட்டு நூல்ல பண்ணா?"

அவர் சிரித்தார். "உள்ளானுக்குப் பட்டா? முகூர்த்தம் எப்பம்மா?"

எனக்கு அது போதும். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல் மொத்தமும், தீர்ந்து அடுத்த பாவைச் சேர்க்கும்போது, பழைய நூல் நுனியையும் புது நூல் நுனியையும் ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் தறியில் சிக்கும். அதனால் விரலில் சாம்பலைத் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு திருகு. முடிச்சில்லாமல் ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் புணைப்பது என்கிறோம். எங்கள் வீட்டில் அம்மா புணைப்பாள், அம்மாவுக்கு அடுத்து நான். அந்தச் சமயம் அப்பா நெய்து முடித்திருந்தது காப்பிக்கொட்டை நிறப் பாவு. காய ஆரம்பித்த ஏரிச் சேற்றின் நிறம் அச்சு அசலாக அதுதான். மிச்ச நூலை எடுத்து முறுக்கி, சுருக்கு நழுவும் இடத்தில் முடிச்சே இல்லாமல் புணைத்து, துவளாமல் நிற்க அரிசிக் கஞ்சியில் தோய்த்துக் காயவைத்தேன். பாவுக்குக் கஞ்சி போடுகிற வீட்டுப் பெண்ணுக்கு இதெல்லாம் சாதாரணம். பத்துப் பன்னிரண்டு சுருக்கு. கொண்டுபோய்க் காட்டியபோது அவள் அப்பா ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கம்மா முடிச்சு?"

"இல்லவே இல்ல அங்கிள். அதான் எங்க வூட்டு வேலை."

"ஏய், உன் ஃப்ரெண்டு பெரிய ஆளுடி," என்றார் மகளிடம். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறியது.

முதல் இரண்டு தடவை எல்லாம் சரியாக நடந்தது. விடிவதற்கு முன் அவர் கட்டிக் கொடுப்பார். நாங்கள் கருவேல மரத்தடியில் குந்திக்கொண்டிருப்போம். ஒன்று மாட்டியதும் ஓடிப்போய் எடுத்து, அளந்து, நிறுத்து, விட்டுவிடுவோம். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. கையில் இருக்கும்போது அதன் நெஞ்சு அடிப்பது விரலில் தெரியும். விட்டதும் சிஃப் சிஃப் சிஃப் என்று திட்டிக்கொண்டே போகும்.

மூன்றாவது தடவை பங்குனித் திருவிழா சமயம். அவளுக்கு ஜுரம், எழுந்திருக்கவில்லை. நான் விடியற்காலையிலேயே அவள் அப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன். "நீங்க கட்டிட்டுப் போங்க அங்கிள், அரை மணி நேரத்துல வந்துடறேன்." ஸ்கூட்டியை எடுத்தால் எங்கள் பக்கம் தெரு முழுக்கக் கூட்டம், சாமி புறப்பாடு, எந்தச் சந்தில் திரும்பினாலும் அடைப்பு. நான் பொறுமையாக நின்றுகொண்டு ரீல்ஸ் பார்த்தேன். அங்கே அவர் கம்பெனி பஸ் வந்துவிட்டது. அவர் போய்விட்டார். நான் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை.

மூன்று மாட்டியிருந்தன. மூன்றும் செத்திருந்தன. சேற்றில் உருண்டு உருண்டு காப்பிக்கொட்டை நிறத்திலேயே ஆகியிருந்தன, முதலில் எனக்குத் தெரியவே இல்லை. நூல் நனைந்து, கஞ்சி கரைந்து பசையாகி, சுருக்கு இறுகிய இடத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு, இழுக்க இழுக்க உள்ளே போயிருந்தது. ஒன்றின் கால் முட்டிக்குக் கீழே தொங்கியது. நனைந்த பாவு எப்படி இறுகும், கஞ்சி நனைந்தால் எப்படி ஒட்டும் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏரிக்குக் கொண்டுபோகும் நூல் நனையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கழுவாமல்கூட அப்படியே ஒரு கவரில் போட்டு அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் அம்மா பார்த்துவிட்டு, "அடப் பாவமே," என்றார். பிறகு, "எறிஞ்சா மட்டும் எழுந்து பறக்கப் போவுதா? குடும்மா, மொளகு போட்டு வெக்கறேன், இவ வாய்க்கும் நல்லா இருக்கும்," என்றார். எங்கள் வீட்டில் கறி உண்டு, ஆனால் பங்குனித் திருவிழா முடிகிறவரை கிடையாது. நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கை கழுவும்போதுதான் அவள் அம்மா அடுப்பு மேடையிலிருந்து எதையோ எடுத்துக் கொடுத்தார். "ஒண்ணு காலுல இது மாட்டிக்கினு இருந்துச்சும்மா. கொலுசு மாதிரி."

அலுமினிய வளையம். மோதிரத்தில் பாதி அளவு. நகத்தால் சேற்றைச் சுரண்டினேன். எழுத்தும் எண்ணும் இருந்தன. யாரோ ஒருவர் உலகத்தின் அந்தக் கோடியில் இதைக் கையில் பிடித்து, நான் பண்ணிய மாதிரியே அளந்து, நிறுத்து, பத்திரமாக விட்டிருக்கிறார். அது அங்கிருந்து இங்கே வந்து என் கஞ்சி நூலில் காலைக் கொடுத்திருக்கிறது. எனக்கு வருத்தம்தானே வந்திருக்க வேண்டும்? எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அந்தக் கொசுப்புழுக்காரன் மூஞ்சியில் இதைக் காட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அன்றே வளைய எண்ணைப் பதிவு பண்ணும் இணையப் பக்கத்தைத் தேடிப் பிடித்து ஃபாரம் நிரப்பினேன். மொத்தமும் ஆங்கிலத்தில். எப்படிக் கிடைத்தது என்று ஒரு கட்டம். நானே பண்ணிய கண்ணி, நானே தாமதமாகப் போனேன் என்று எழுதினால் ப்ராஜெக்டுக்கு ஆப்பு, வீட்டில் திருவிழாவில் கறி தின்ற கதையும் வெளியே வரும். அதனால் 'லோக்கல் டிராப்பர்' ஒருவர் இறைச்சிக்காகக் கண்ணி வைத்துப் பிடித்தார் என்று எழுதினேன். ரிசர்ச் பேப்பரில் அப்படித்தான் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் அடிக்கும்போது யாருக்கும் எதுவும் பண்ணாத மாதிரியே இருந்தது. அடுத்த கட்டம், கண்டெடுத்தவர் பெயர், முகவரி. கண்டெடுத்தவருக்குச் சான்றிதழ் அனுப்புவோம் என்று கீழே போட்டிருந்தது. அவளைக் கூப்பிட்டேன்.

"உங்கப்பா பேரு போடட்டுமாடி? சர்டிபிகேட் வருமாம்."

"போடு போடு. ஃப்ரேம் போட்டு டிவி மேல மாட்டிக்குவாரு."

நல்லது பண்ணுவதாகத்தான் நினைத்தேன். டிராப்பர் என்று எழுதிய கட்டத்துக்குக் கீழேயே அவர் பெயரைக் கதவு எண் வரை போட்டேன்.

பதில் பத்து நாளில் என் மெயிலுக்கு வந்தது. சைபீரியாவில் ஒரு சதுப்பு ஓரம், மூன்று வருஷத்துக்கு முன், அந்த வருஷத்துக் குஞ்சாக இருந்தபோது வளையம் போட்டது. நன்றி. பறவை வேட்டையாடப்பட்டிருப்பதால் உங்கள் நாட்டில் சம்பந்தப்பட்டவர்களுக்கும் தகவல் தந்திருக்கிறோம். அந்தக் கடைசி வரியை நான் படித்தேன். படித்துவிட்டு வகுப்பு குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் போட்டேன்.

வனத்துறைக்காரர்கள் வந்தபோது உள்ளான்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவரை அங்கேயே பிடித்தார்கள். பரணிலிருந்து பழைய தங்கூசிக் கண்ணியையும் என் பட்டுக் கண்ணியையும் எடுத்தார்கள். அவள் எனக்கு ஃபோன் பண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீ என்னாடி எழுதின?"

வனத்துறை ஆபீஸில் நடந்ததை அவள் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். பிறகு என்னிடம் சொன்னாள். ஒரு அதிகாரி என் சுருக்கை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்திருக்கிறார்.

"இது சும்மா ஊர்க்காரன் கட்னது இல்லய்யா. முடிச்சே இல்ல பாரு. பட்டு நூலு வேற. எத்தினி வருஷமா தொழில் பண்ற? யாருக்கு சப்ளை?"

"யாருக்கும் இல்ல சார். நான்தான் சார் கட்னேன்."

"அப்ப இப்ப ஒண்ணு கட்டு, பார்க்கலாம்."

நூலைக் கொடுத்திருக்கிறார்கள். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. நுனியை நுனியோடு வைத்துத் திருகியிருக்கிறார். பிரிந்து வந்திருக்கிறது. மறுபடி திருகியிருக்கிறார். கடைசியில், "கை நடுங்குது சார்," என்று சொல்லிவிட்டார். விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

பொண்ணுங்க படிப்புக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. அவளை இதில் இழுக்க அவருக்கு மனசில்லை. அவளைக் காப்பாற்றியதில் நானும் ஓசியில் தப்பித்தேன். பதினோரு நாள் உள்ளே இருந்தார்.

எங்கள் வீட்டில் எப்படித் தெரிந்தது என்றால், தறிக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் செய்தி வந்தது. மேஜைமேல் கண்ணிகளைப் பரப்பி எடுத்த ஃபோட்டோ. அப்பா தறியிலிருந்து கையை எடுத்துவிட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். நிறைய நேரம் பார்த்தார்.

"இது நம்ம காப்பிக்கொட்டை," என்றார். அம்மாவைக் கூப்பிட்டார். "புணைப்பு யார் கைன்னு பாரு."

அம்மா படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்து, ஆபீஸுக்குப் போய் நான்தான் என்று சொல்லப்போகிறேன் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். எனக்குச் சத்தமாகப் பேச வரும்.

"உக்காரு," என்றார் அப்பா. "சாமிக்குப் பட்டு நெய்யிற வூடு இது. பறவைக்குக் கண்ணி நெய்ஞ்சாங்கன்னு பேரு வரணுமா?"

"அவங்க மேல கேஸு போட்டுட்டாங்கப்பா."

"அவங்களுக்குக் கோர்ட்டு, கச்சேரில்லாம் பழக்கம்மா," என்றாள் அம்மா. "நாலு நாள்ல வந்துடுவாரு. உனக்கு அப்படியா? நாளைக்கு உனக்கு ஒரு எடம் பார்க்க வேணாமா?"

அது அபத்தம் என்று எனக்குத் தெரியும். அவள் அப்பா வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் கோர்ட் வாசலை மிதித்ததில்லை. அம்மாவுக்கும் அது தெரியாமல் இல்லை. எந்த ஆட்களைப் பற்றி யார் எதைச் சொன்னால் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டோம் என்று எங்கள் எல்லோருக்குமே தெரியும். நான் உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம் மிச்ச நூலை அப்பா கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். பட்டு சட்டென்று எரியாது. மயிர் கருகும் நாற்றம்தான் வரும்.

ப்ராஜெக்டை நான் சமர்ப்பித்தேன். அவள் தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டாள். வகுப்பிலேயே அதிக மார்க் எனக்குத்தான். எந்த வாரம் எங்கே எத்தனை நின்றன என்ற அந்த நோட்டில் பாதிக்கு மேல் அவள் கையெழுத்து. மழைநாளில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எழுதியதெல்லாம் அவள்.

கேஸ் இருப்பவருக்கு கேட் பாஸ் இல்லை என்று கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். ஆளை பர்மனென்ட் பண்ணுவதாகப் பேச்சு இருந்த நேரம் அது. இப்போது கான்கிரீட் வேலைக்குப் போகிறார், கூப்பிட்டால். இன்றைக்கும் சட்டைக் காலரில் சிமென்ட் இருக்கிறது. ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. உள்ளான்கள் அதற்குள் ஒரு தடவை வந்து போய், மறுபடியும் வந்துகொண்டிருக்கின்றன. கேஸ் நின்ற இடத்தில் நிற்கிறது.

போன மாதம் எனக்குச் சம்மன் வந்தது. அரசு வக்கீல் ரொம்பத் தன்மையாகப் பேசினார்.

"பயப்படாதம்மா. இந்த ஃபாரம் நீ எழுதினதான்னு கேப்பேன். ஆமாங்கன்னு சொல்லு. எறங்கிப் போயிடலாம். அஞ்சு நிமிஷம்."

அவள் இப்போது பட்டுக் கடையில் சேல்ஸில் இருக்கிறாள். ஒரு மதியம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். பாயில் அவள் எதிரே உட்கார்ந்தேன். அவள் ஒரு புடவையை எடுத்து என் முன்னால் விரித்தாள்.

"எந்த மாதிரி பாக்குறீங்க?"

"வாங்க போங்கன்னு பேசாதடி."

"சூப்பர்வைசர் பார்க்கிறாரு. முந்தானையைத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். "சாரிடி," என்றேன்.

"அது எதுக்கு எனக்கு." அவள் அடுத்த புடவையை விரித்தாள். குரலைக் கொஞ்சமும் ஏற்றவில்லை. "கண்ணி உன்னுதுன்னு சொல்லு. ப்ராஜெக்டு நம்ம ரெண்டு பேருதுன்னு சொல்லு. எங்கப்பா நீ கேட்டுத்தான் கட்டினாருன்னு சொல்லு. பட்டு நூல வெச்சித்தான் அவரைத் தொழில்காரன்னு சொல்றாங்க. வக்கீல் சொல்லிட்டாரு, அது போச்சுன்னா கேஸு பாதி போச்சுன்னு."

"சொன்னா உன்னையும் சேர்த்து இழுப்பாங்கடி. என்னையும்."

"எங்கப்பா ஒண்ணரை வருஷமா அதுலதான் இருக்குறாரு."

மடிப்புக் கலையாமல் புடவையைச் சுருட்டினாள். "வேற எதாவது காட்டட்டுங்களா?"

எழுந்து வந்துவிட்டேன்.

இன்று விடியற்காலையில் தென்னேரி போய்விட்டு, வீட்டுக்குத் திரும்பித்தான் இங்கே வந்தேன். வீட்டில் கோயிலுக்கு என்று சொன்னேன். ஏரியில் தண்ணீர் அடிமட்டம். நடுவில் குட்டைமாதிரி கொஞ்சம் நிற்கிறது. அதன் ஓரத்தில் இரண்டு பொரி உள்ளான் வந்துவிட்டிருந்தன. கால்களைப் பார்த்தேன், வளையம் எதுவும் இல்லை. ஆவணியில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் பெட்டைகள். குஞ்சு பொரிந்த கொஞ்ச நாளில் பெட்டை கிளம்பிவிடும். குஞ்சு பறக்கிறவரை கூடவே நிற்பது சேவல். இதை ப்ராஜெக்டில் நாலாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கமும் அவள் எழுதியதுதான், நான் டைப் பண்ணினேன்.

அப்பாவும் என்னோடு வந்திருக்கிறார். பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு தடவை பேசினார். "நூலைப் பத்திக் கேட்டாங்கன்னா தெரியாதுன்னுடு. அவ்ளோதான்." இங்கே வந்ததும் அவள் அப்பாவைப் பார்த்து, "என்னாப்பா, நல்லா இருக்கியா?" என்று கேட்டார், ஒருமையில். அவர் எழுந்து நின்று, "இருக்கிறேங்க," என்றார். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. என் அப்பாவைவிட அவருக்கு இரண்டு மூன்று வயசாவது கூட இருக்கும்.

கொல்லையில் எரிந்தது எல்லா நூலும் இல்லை. முதல் தடவை அளந்து பார்க்கக் கட்டிய சுருக்கு ஒன்று ப்ராஜெக்ட் ஃபைலின் பின்னட்டைக்குள் கிடந்தது. காப்பிக்கொட்டை நிறம், முடிச்சில்லாதது. அதை இப்போது பர்ஸில் வைத்திருக்கிறேன். கொஞ்சம் சாம்பலும் இருக்கிறது, பேப்பரில் மடித்து. கட்டிக் காட்டு என்றால் நான் கட்டிக் காட்டுவேன். என் கை நடுங்காது.

அப்பா டீ குடிக்கப் போயிருக்கிறார். மணி பன்னிரண்டு பத்து. உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.